ஈசிஜியில் ‘பிளாக்’ என்று வந்தால்: எந்த பிளாக், எங்கே, எவ்வளவு என்று பார்க்க ஒரு முழு வழிகாட்டி

மேலூர்ப் பக்கத்திலிருந்து அம்மாவை அழைத்து வந்த ஒருவர், ஈசிஜி தாளை நீட்டி என்னிடம் கேட்டார்: “பிளாக்னு எழுதியிருக்காங்க மேடம். எத்தனை பர்சன்ட்? ஸ்டென்ட் எத்தனை வைக்கச் சொல்லுவாங்க?” அந்த அம்மா பக்கத்தில் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நாடி நிமிடத்துக்கு 34. குழாயடியில் குடத்தைத் தூக்கும்போது இரண்டு முறை மயங்கி விழுந்திருக்கிறார்.

தாளில் எழுதியிருந்த பிளாக், அவர் நினைத்த பிளாக் அல்ல. நம் ஊரில் ‘ஹார்ட்ல பிளாக்’ என்றாலே ரத்தக்குழாயில் கொழுப்பு அடைத்திருக்கிறது, ஆஞ்சியோ பார்க்க வேண்டும், ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றுதான் அர்த்தம். ஈசிஜி தாளில் வரும் பிளாக் பெரும்பாலும் இதயத்தை ஓட்டுகிற மின்சாரம் போகும் வழியில் உள்ள தடை. முன்னது குழாயில், பின்னது கம்பியில். இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம். ஆனால் சோதனையும் சிகிச்சையும் வேறு வேறு. இந்த ஒரு சொல் குழப்பத்தால் வீட்டை விற்றாவது ஸ்டென்ட் வைப்போம் என்று அழுத குடும்பங்களையும், ‘ஆஞ்சியோ நார்மல், இனி பயமில்லை’ என்று பேஸ்மேக்கர் (இதயத்தைச் சரியான வேகத்தில் துடிக்கவைக்கும் மின்கருவி) வைக்காமல் திரும்பிப் போன குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன்.

மதுரையில் ஈசிஜி அறையில் 22 வருடமாக நிற்கிறேன். நான் டாக்டர் இல்லை. என்ன சிகிச்சை என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் ‘எந்த பிளாக்?’ என்று சரியாகக் கேட்கும் குடும்பத்துக்குச் சரியான பதில் கிடைக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்கும் அளவுக்கு இந்தத் தாளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

மடையும் கடைமடையும்

மேலூர்க்காரர்களுக்கு நான் இதைப் பெரியாறு கால்வாயை வைத்துத்தான் சொல்வேன். இதயத்தின் வலது மேல் அறையில் எஸ்ஏ நோடு என்றொரு புள்ளி இருக்கிறது. தண்ணீர் திறப்பது அங்கேதான். ஓய்வில் இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை திறக்கும். அந்த மின்சாரம் மேல் அறைகளில் பரவி, நடுவில் உள்ள ஏவி நோடுக்கு வருகிறது. அதுதான் மடை. மேல் அறை ரத்தத்தைக் கீழே தள்ளி முடிக்கட்டும் என்று மடை மின்சாரத்தைக் கொஞ்சம் தாமதித்தே விடும். இந்தத் தாமதம் இயற்கையானது, தேவையானது. மடைக்குக் கீழே ஹிஸ் கற்றை என்ற தடித்த வாய்க்கால். அது வலது கிளை, இடது கிளை என்று பிரிகிறது. இடது கிளை முன், பின் என்று மறுபடி பிரிகிறது. கடைசியில் நூல் நூலாகக் கீழ் அறைகள் முழுக்கப் பாய்கிறது.

மேலே இருந்து தண்ணீர் வரவே இல்லை என்றால் கடைமடைக்காரர் என்ன செய்வார்? தன் கிணற்று மோட்டாரைப் போடுவார். இதயமும் அப்படித்தான். மேலிருந்து உத்தரவு வராவிட்டால் கீழ்ப்பகுதி தானாகவே துடிக்கும். மடைக்குப் பக்கத்தில் உள்ள மோட்டார் நிமிடத்துக்கு 40 முதல் 60 வரை கொடுக்கும். இன்னும் கீழே உள்ளது 20 முதல் 40 வரைதான் கொடுக்கும், அதுவும் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் விளங்கும்.

படி 1: தாள் சரியா என்று பாருங்கள்

பெயர், தேதி, நேரம் பாருங்கள். ஓரத்தில் வேகம் 25 என்று அச்சாகியிருக்க வேண்டும். அந்த வேகத்தில் ஒரு சின்னக் கட்டம் 0.04 வினாடி. ஐந்து சின்னக் கட்டம் சேர்ந்த ஒரு பெரிய கட்டம் 0.20 வினாடி. மேலே இயந்திரமே அச்சடித்துத் தரும் ஆங்கில வரிகளைப் படித்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம். பிளாக் விஷயத்தில் அந்தக் கணக்கு தவறுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

படி 2: எண்ணுங்கள்

தாளின் அடியில் ஒரு நீண்ட வரி ஓடும். பெரும்பாலும் அது 10 வினாடி. அதில் உயரமாக எழும் கூர்முனைகளை எண்ணி 6-ஆல் பெருக்கினால் நிமிடத் துடிப்பு. அந்தக் கூர்முனைக்குப் பெயர் க்யூஆர்எஸ். கீழ் அறை துடித்ததற்கு அதுதான் சாட்சி. துடிப்பு ஒரே சீராக இருந்தால் இன்னொரு வழி உண்டு: இரண்டு கூர்முனைக்கு நடுவே எத்தனை பெரிய கட்டம் என்று பார்த்து 300-ஐ அதால் வகுங்கள். அந்த அம்மாவுக்கு ஏறக்குறைய ஒன்பது பெரிய கட்டம் இருந்தது.

வீட்டில் தாள் இல்லாவிட்டால் மணிக்கட்டில் நாடி பிடியுங்கள். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கக் கூடாது, முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். விட்டு விட்டு வருகிற துடிப்பு அந்த 15 வினாடிக்குள் சிக்காமல் போகலாம்.

படி 3: சின்ன மேடுகளைத் தேடுங்கள்

என் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கூர்முனைக்கு முன்னால் சின்னதாக ஒரு மேடு வரும். அது பி அலை, மேல் அறையின் துடிப்பு. கூர்முனைக்குப் பின்னால் வரும் அகலமான மேடு டி அலை. அதைப் பி என்று எண்ணிவிடக் கூடாது.

ஓ.பி. சீட்டோ, பஸ் டிக்கெட்டோ, ஒரு காகிதத்தின் நேரான ஓரம் போதும். ஓரத்தை அந்த நீண்ட வரியின் மேல் வைத்து, அடுத்தடுத்த இரண்டு பி அலைகளுக்கு நேராகப் பேனாவால் இரண்டு கோடு போடுங்கள். இப்போது காகிதத்தை நகர்த்தி, முதல் கோட்டை இரண்டாவது பி மேல் கொண்டு வாருங்கள். இரண்டாவது கோடு எங்கே விழுகிறதோ அங்கே அடுத்த பி இருக்க வேண்டும். அங்கே வெளிப்படையாக மேடு தெரியாவிட்டால், டி அலையின் தோளில் ஒரு சின்னப் புடைப்பாகவோ கூர்முனைக்குள்ளேயோ ஒளிந்திருக்கும். அந்த மகனையே செய்யச் சொன்னேன். கோடு விழுந்த இடமெல்லாம் மேடு இருந்தது. கூர்முனைகள் ஐந்தாறு, மேடுகள் அதைப்போல இரண்டு பங்குக்கும் மேல். “அப்ப மேல திறந்துக்கிட்டேதான் இருக்காங்க, கீழ வரல” என்றார். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதே இல்லை.

கோடு விழும் இடத்துக்கு முன்னாலேயே ஒரு பி அவசரப்பட்டு வந்து, அதன் பின்னால் கூர்முனை இல்லாமல் போனால், அது பிளாக் அல்ல. மடை இன்னும் ஓய்வில் இருக்கும்போது வந்த முந்திய துடிப்பு அது. நடுவில் இடைவெளி தெரிந்ததும் ‘பிளாக்’ என்று எழுதிவிடும் தவறு இங்கேதான் நடக்கிறது.

பி அலையே வராமல் நீண்ட வெற்றிடம் இருந்தால் கோளாறு தண்ணீர் திறக்கும் இடத்திலேயே. அதை எஸ்ஏ பிளாக், சைனஸ் பாஸ் (sinus pause) என்று எழுதுவார்கள். மயக்கத்தோடு சேர்ந்தால் அதுவும் சின்ன விஷயமில்லை.

படி 4: மேடும் கூர்முனையும் சேர்ந்து போகின்றனவா?

பி தொடங்கும் இடத்திலிருந்து கூர்முனை தொடங்கும் இடம் வரை உள்ளது பிஆர் இடைவெளி. சரியான அளவு 0.12 முதல் 0.20 வினாடி, அதாவது 3 முதல் 5 சின்னக் கட்டம்.

முதல் டிகிரி: ஒவ்வொரு பிக்குப் பின்னாலும் கூர்முனை உண்டு. ஆனால் இடைவெளி 5 சின்னக் கட்டத்தைத் தாண்டி ஒரே அளவாக நிற்கிறது. தண்ணீர் ஒவ்வொரு முறையும் வருகிறது, தாமதமாக வருகிறது. பெயரில் பிளாக் இருந்தாலும் எதுவும் அடைபடவில்லை. பெரும்பாலும் மருந்துச் சீட்டைச் சரிபார்த்து, அவ்வப்போது ஈசிஜி எடுத்துப் பார்த்தால் போதும்.

இரண்டாம் டிகிரி, முதல் வகை, வெங்கபாக்: இடைவெளி ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டே போய், ஒரு முறை கூர்முனை விழாமல் போகும். பிறகு குறைந்த இடைவெளியோடு புதிதாகத் தொடங்கும். வெங்கபாக் என்ற டச்சு டாக்டர் இதை விவரித்தது 1899-இல். ஐந்தோவன் தன் ஈசிஜி கருவியைப் பற்றி எழுதிய 1903-க்கு முன்பே, நாடித்துடிப்பின் பதிவை வைத்தே கண்டுபிடித்தார். விரல் நுனிக்கு அவ்வளவு தெரியும் என்பதால்தான் நாடி பிடிக்கச் சொல்கிறேன். இந்தத் தடை பெரும்பாலும் மடையிலேயே இருக்கும். தினமும் ஓடிப் பழகும் கபடிப் பையன்களுக்கு இரவுத் தூக்கத்தில் வருவதுண்டு. மயக்கம் எதுவும் இல்லையென்றால் அதற்குப் பயப்பட வேண்டாம்.

இரண்டாம் டிகிரி, இரண்டாம் வகை, மோபிட்ஸ் 2: இங்கே நிதானமாக நில்லுங்கள். இடைவெளி மாறவே மாறாது. ஒரே அளவாக வந்துகொண்டிருக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் ஒரு கூர்முனை காணாமல் போகும். தடை மடைக்குக் கீழே, வாய்க்காலில். எப்போது வேண்டுமானாலும் முழுத் தடையாக மாறலாம். அதனால் ‘எனக்கு ஒண்ணும் செய்யலையே’ என்பவருக்கும், சரிசெய்யக் கூடிய காரணம் ஏதும் இல்லாவிட்டால், டாக்டர்கள் பேஸ்மேக்கர் சொல்வார்கள். இரண்டாம் டிகிரி என்று எழுதியிருந்தால் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே: “டைப் ஒண்ணா, டைப் ரெண்டா சார்?”

ஒன்று விட்டு ஒன்று விழுந்தால், அதாவது இரண்டு பிக்கு ஒரு கூர்முனை என்றால், இடைவெளி நீள்கிறதா என்று பார்க்க அடுத்தடுத்த துடிப்பே இல்லை. அந்தத் தாளை மட்டும் வைத்து வகை சொல்ல முடியாது. கூர்முனை ஒல்லியாக இருந்தால் மடை, அகலமாக இருந்தால் கீழே என்று ஒரு ஊகம் செய்யலாம். நடக்க வைத்துத் துடிப்பு கூடுகிறதா, இன்னும் விழுகிறதா என்றும் பார்ப்பார்கள். மானிட்டர் வைத்து டாக்டர் முன்னிலையில்தான் அதைச் செய்ய வேண்டும், வீட்டுப் படிக்கட்டில் செய்யக் கூடாது.

மூன்றாம் டிகிரி, முழு பிளாக்: பி அலைகள் தம் கணக்கில் ஓடும், கூர்முனைகள் தம் கணக்கில் மெதுவாக ஓடும். ஒன்றுக்கொன்று உறவே இல்லை. காகித ஓரத்தால் இரண்டையும் தனித்தனியே அளந்தால் இரண்டுமே சீராக இருக்கும், ஆனால் பிஆர் இடைவெளி ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கும். கடைமடை மோட்டாரில் உயிர் ஓடுகிறது. அந்த அம்மாவுக்கு இருந்தது இதுதான். கழுத்தைப் பாருங்கள் என்று மகனுக்குக் காட்டினேன். மேல் அறையும் கீழ் அறையும் ஒரே நேரத்தில் சுருங்கும்போது, மேல் அறை ரத்தம் கீழே போக வழியில்லாமல் கழுத்து ரத்தக்குழாயில் திடீரென்று எகிறும். விட்டு விட்டு ஒரு துள்ளல், தாலிக்கயிற்றுக்கு மேலே தெளிவாகத் தெரிந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். துடிப்பு குறையும்போது ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தம் கூடுவதால் மேல் பிரஷர் 180 கூடக் காட்டும். பிரஷர் கருவியை மட்டும் பார்த்து, நாடியைப் பார்க்காமல் அட்டெனோலால் போன்ற மாத்திரை கொடுத்தால் இருக்கிற துடிப்பும் குறைந்துவிடும். பிரஷர் அதிகம் என்று சொன்னால் ‘பல்ஸ் எவ்வளவு?’ என்று உடனே கேளுங்கள்.

படி 5: கூர்முனை எவ்வளவு அகலம்?

3 சின்னக் கட்டத்துக்குள், அதாவது 0.12 வினாடிக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் அகலமானால் பெரும்பாலும் கிளைத் தடை. தாளில் வி1 என்று குறித்த இடத்தில் எம் எழுத்து போல இரட்டை முனை, வி6-இல் அகலமான பள்ளம் என்றால் வலது கிளை, ஆர்பிபிபி. வி1-இல் ஆழமான பள்ளம், வி6-இல் பிளவுபட்ட அகலமான மேடு என்றால் இடது கிளை, எல்பிபிபி.

ஆர்பிபிபி முழு ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கும் இருக்கும். மெடிக்கல் செக்கப்பில் தெரிந்து தூக்கமில்லாமல் வருகிறவர்கள் அதிகம். எக்கோ (இதய ஸ்கேன்) சரியாக இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். எல்பிபிபி அப்படியல்ல. பின்னணியில் ரத்தக் கொதிப்போ, இதயத் தசைப் பலவீனமோ, வால்வுக் கோளாறோ இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். நெஞ்சு வலியோடு புதிதாக வந்தால் மாரடைப்பாக இருக்கலாம் என்று நினைத்தே ஓட வேண்டும். வலது கிளையோடு இடது கிளையின் ஒரு பிரிவும் சேர்ந்து தடைபட்டு, ஆளுக்கு மயக்கமும் இருந்தால், மூன்று வாய்க்காலில் ஒன்றே மிச்சம் என்று பொருள்.

என் அப்பாவுக்கு அதுதான். உசிலம்பட்டி சந்தையில் நின்றுகொண்டிருந்தவர் சடாரென்று விழுந்தார், கை கால் வெட்டி இழுத்தது. நான் அப்போது இந்த வேலைக்கு வந்திருக்கவில்லை. ஒரு மருத்துவமனையில் வலிப்பு என்று கார்பமசெபின் கொடுத்தார்கள். ஏற்கெனவே பிளாக் உள்ளவருக்கு அந்த மருந்தே தடையைக் கூட்டும். ஈசிஜி எடுக்கவே இல்லை. ஆறு மாதம், நான்கு முறை விழுந்தார். கடைசியில் ஒரு நாள் முழுக்க உடம்பில் மாட்டிவைக்கும் ஹோல்டர் கருவியில்தான் இதயம் பல வினாடி நின்று நின்று ஓடுவது தெரிந்தது. மூளைக்கு ரத்தம் போகாவிட்டாலும் உடம்பு வெட்டி இழுக்கும். இதயத்தால் வருகிற மயக்கத்தில் ஆள் வெளிறிப்போவார், சில வினாடியில் எழுந்து உடனே தெளிவாகப் பேசுவார். வலிப்பில் நாக்கு ஓரம் கடிபடும், எழுந்த பிறகும் வெகுநேரம் குழம்பியிருப்பார். முதல் வலிப்பு என்று யாரைக் கொண்டுபோனாலும் ஒரு ஈசிஜி கேளுங்கள். அதைக் கேட்கத் தெரியாமல் ஆறு மாதம் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை.

படி 6: பையைக் கவிழ்த்துக் கொட்டுங்கள்

வயதால் வாய்க்கால் தடித்துப் போவது முக்கியக் காரணம். அதைத் திருப்ப முடியாது. ஆனால் திருப்பக் கூடிய காரணங்களை முதலில் தேட வேண்டும். மெட்டோப்ரோலால், அட்டெனோலால், ப்ரோப்ரனோலால், டில்டியாசெம், வெரபமில், டிகாக்ஸின், அமியோடரோன் ஆகியவை எல்லாமே மடையை மெதுவாக்கும். இரண்டு டாக்டரிடம் வாங்கி இரண்டு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எல்லா அட்டையையும் டாக்டர் மேசையில் வையுங்கள்.

கண் சொட்டு மருந்தையும் வையுங்கள். 1976-இல் அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கிய நாளிலிருந்து மதுரை கண் வைத்தியத்துக்குப் பேர்போன ஊர். கண் நீர் அழுத்தத்துக்கு டைமோலால் சொட்டு போடும் பெரியவர்கள் நிறைய. கண்ணில் விடும் சொட்டு ரத்தத்தில் கலந்து துடிப்பைக் குறைக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. ‘வேற மாத்திரை?’ என்று கேட்டால் இல்லை என்கிறார்கள். ‘சொட்டு மருந்து?’ என்று தனியாகக் கேட்டால்தான் சேலை முந்தானையிலிருந்து பாட்டில் வருகிறது.

கிட்னி கோளாறு உள்ளவருக்குப் பொட்டாசியம் ஏறினாலும் இதயம் மந்தமாகும். சித்திரை வெயிலில் அன்போடு வாங்கிக் கொடுக்கும் இளநீர் அவர்களுக்கு ஆபத்து. தைராய்டு குறைவும் பார்க்க வேண்டும். மாரடைப்பில் இதயத்தின் அடிப்பக்கம் பாதித்தால் வரும் பிளாக் பெரும்பாலும் சில நாளில் தானே விலகும். முன்பக்கம் பாதித்து வந்தால் சேதம் பெரிது. பிறவியிலேயே பிளாக் உள்ள குழந்தைகளும் உண்டு.

நம் பக்கத்துக்கே உரிய காரணம் ஒன்று உண்டு: அரளி. அதன் நஞ்சு டிகாக்ஸின் போலவே மடையை அடைக்கும். குழந்தை விளையாட்டாகக் கடித்திருந்தாலும், யாராவது மனம் உடைந்து தின்றிருந்தாலும், வாந்தி எடுத்துத் தெளிந்துவிட்டார் என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். பல மணி நேரம் கழித்தும் பிளாக் வரும். உடனே பெரிய மருத்துவமனை, மானிட்டர், திட்டாமல் ஒரு கை பிடித்துக்கொள்ள ஆள். மனம் கனத்துக் கிடப்பவர்கள் 104-க்கோ 14416-க்கோ எந்த நேரமும் பேசலாம்.

எப்போது ஓட வேண்டும்

நாடி 40-க்குக் கீழே போய் மயக்கம், மூச்சிரைப்பு, நெஞ்சு வலி, குழப்பம் ஏதாவது சேர்ந்தால் 108. பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம், பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுவர வேண்டாம். மயக்கம் வந்தால் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். பேச்சும் மூச்சும் இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையால் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, சுமார் 5 செ.மீ. ஆழம் அழுத்துங்கள், ஆம்புலன்ஸ் வரும் வரை.

பேஸ்மேக்கர் என்று சொன்னால்

அவசரத்துக்கு முதலில் கழுத்து அல்லது தொடை ரத்தக்குழாய் வழியே தற்காலிகக் கம்பி வைப்பார்கள். நிரந்தரமானது காறை எலும்புக்குக் கீழே, மரத்துப்போகும் ஊசி போட்டு வைக்கப்படும். நெஞ்சைத் திறப்பதில்லை. உலகில் முதன்முதலாக 1958-இல் ஸ்வீடனில் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்ட ஆர்னே லார்சன், வாழ்நாளில் 26 கருவிகள் மாற்றி, 86 வயது வரை இருந்தார். இன்றைய பேட்டரி ஏறக்குறைய பத்து வருடம் வரும்.

கோரிப்பாளையம் அரசு ராஜாஜி மருத்துவமனையில் இதயப் பிரிவு இருக்கிறது. எங்கே போனாலும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையோடு கொண்டுபோய், சேரும்போதே காட்டுங்கள். வைத்த பக்கத்துக் கையைச் சில வாரம் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. அதற்காகத் தொட்டில் கட்டி அசையாமலும் வைக்கக் கூடாது, தோள் இறுகிவிடும். செல்போனைச் சட்டைப் பையில் வைக்காமல் மறுபக்கக் காதில் பேசுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நில்லுங்கள். கோயில் வாசலில் மெட்டல் டிடெக்டரைச் சாதாரணமாக நடந்து கடக்கலாம், கைக் கருவியை நெஞ்சருகே நிறுத்த வேண்டாம் என்று அட்டையைக் காட்டுங்கள். எம்ஆர்ஐக்கு முன் மறக்காமல் சொல்லுங்கள்.

சொல்லக் கூச்சமாக இருந்தாலும் இதையும் குடும்பத்தில் ஒருவர் தெரிந்திருக்க வேண்டும்: தகனத்துக்கு முன் கருவியை எடுத்துவிட வேண்டும், சூட்டில் பேட்டரி வெடிக்கும். தத்தனேரி சுடுகாட்டுக்குக் கொண்டுபோகும் முன்பே மருத்துவமனையில் சொல்லிவிடுங்கள்.

தாளை என்ன செய்வது

பழைய ஈசிஜி இருந்தால்தான் இந்த பிளாக் புதியதா, பத்து வருடமாக இருப்பதா என்று டாக்டருக்குத் தெரியும். சிகிச்சையே அதில் மாறும். ஆனால் அந்தத் தாள் சூடு பட்டு எழுத்து வருகிற வகை. வெளிச்சத்தில் வைத்தால் மங்கும். வாடிப்பட்டியிலிருந்து ஒருவர் பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் போட்டுக் கொண்டுவந்தார். சூட்டில் தாள் முழுக்கக் கருத்துவிட்டது, ஒரு கோடுகூடத் தெரியவில்லை. எடுத்த அன்றே ஜெராக்ஸ் போடுங்கள், போனில் படமும் எடுங்கள், பின்பக்கம் தேதியும் அன்று என்ன மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பதும் எழுதிவையுங்கள்.